கியர் இல்லாத வண்டியும் கரிசல் மண்ணும்

ஆடி மாதம் பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குச் சைக்கிளில் போனவர்களிடம் காற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை. சாலை வடமேற்கே போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களுக்குள் நெருக்கியடித்துப் புகுந்து மேற்கிலிருந்து இறங்குகிறது. போகும்போது முகத்தில் அறையும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். இந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. கியர் என்ற ஒன்றே இல்லாத வண்டிகளில் உளுந்து மூட்டையும் பருத்தி மூட்டையும் இந்தக் காற்றை எதிர்த்துச் சந்தைக்குப் போன காலம் இருந்தது. நான் இன்று மிதிப்பதும் அந்த வகை வண்டிதான். கியர் கிடையாது, ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் கிடையாது. ஆனால் அப்பா காலத்து வண்டிக்கும் இதற்கும் பொதுவாக இருக்கும் உறுப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனை வருஷங்களில் எது மாறியது, எது மாறாமல் நின்றது என்பதை எங்கள் மண்ணும் காற்றும் சாலையோரப் பட்டறையும்தான் தீர்மானித்தன.

அன்று வண்டி என்றால் ஒரே வகைதான். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ என்று பெயர்கள் வேறாக இருந்தாலும் உருவம் ஒன்றே. பழைய ஆங்கிலேய வண்டியின் அச்சு. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பாரம் ஏறும் பின்சக்கரத்துக்கு 40 கம்பி. எடை ஏறக்குறைய 20 கிலோ. முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். காற்றில்லாத நாளில், தட்டைத் தரையில், ஒரு சராசரி மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது.

அந்த வண்டியில் ஸ்பிரிங் இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் உண்டு. அதைவிட முக்கியம், சட்டத்தின் சாய்வு. ஹேண்டில்பார் தண்டு நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும், ஃபோர்க்கின் நுனி முன்னால் வளைந்து நீண்டிருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது அந்த வளைந்த எஃகு ஃபோர்க் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். வண்டித்தடத்திலும் கண்மாய்க் கரையிலும் அது ஓடியதற்கு இந்த அமைப்புதான் காரணம்.

புது வண்டி வாங்கினால் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வராது, பட்டறைக்குத்தான் போகும். கேரியர், சென்டர் ஸ்டாண்டு, செயின் கவர், டைனமோ. வசதியும் ஆசையும் உள்ளவர்கள் ஹப்பில் வண்ணப் பிரஷ்ஷும் சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறையும் மாட்டுவார்கள். பாரம் ஏற்றுகிறவர்களின் தேவையே வேறு. அவர்கள் இரட்டைப் பார் வைத்த சட்டம் கேட்பார்கள், பின்சக்கரத்துக்குத் தடித்த கம்பி போட்டுக் கோட்டம் எடுக்கச் சொல்வார்கள். டயருக்குள் டயர் வைப்பதும் உண்டு. தேய்ந்த பழைய டயரின் இரண்டு ஓரத்திலும் உள்ள கம்பி விளிம்பைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, மீந்த பட்டையைப் புது டயருக்குள் சுற்றிப் படுக்க வைத்து, அதன் மேல் டியூபைப் போட்டுக் காற்றடிப்பார்கள். உடைமுள் கொட்டிக் கிடக்கும் காட்டுப்பாதையில் அந்தப் பட்டை முள்ளை டியூபுக்கு வரவிடாது. வண்டி கொஞ்சம் கனத்துப்போகும், மிதி இறுகும். முள்ளுக்குப் பயப்படாமல் போகலாம் என்றால் அந்தப் பாரத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று வெளிநாட்டுக் கடைகளில் முள் தடுக்கும் உள்பட்டை என்று தனியாக விற்கிறார்கள். எங்கள் பட்டறைக்காரர்கள் அதைப் பழைய டயரிலிருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

டைனமோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு வோல்ட், மூன்று வாட். டயரில் உரசி ஓடும். வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். சைக்கிளுக்கு வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டிய காலத்தில், இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். அதனாலேயே ஸ்டேஷன் இருக்கும் ஊருக்குள் நுழையுமுன் எல்லார் கையும் டைனமோவைத் தட்டிவிடும்.

பெரிய வண்டிக்கு எங்கள் ஊரில் சரியான எதிரி கரிசல் சேறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் காட்டுப்பாதை பிசுபிசுவென்று ஆகிவிடும். சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் சேறு டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் அடைத்து, சக்கரம் நின்றேபோகும். இறங்கி, வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எடுத்த இடத்திலிருந்து இருபதடி போனால் மறுபடி அடைக்கும். கடைசியில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. வண்டியின் எடையோடு சேற்றின் எடையும் சேர்ந்து தோளில் ஏறும். விஷயம் தெரிந்தவர்கள் மழைக்காலம் தொடங்குமுன்பே முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள். சட்டை முழுக்கச் சேறு தெறிக்கும், ஆனால் வண்டி உருளும். தடி பிரேக்கும் இந்தச் சேற்றில் கைவிட்டுவிடும். அந்தப் பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்புறத்தைத்தான் அழுத்தும். ஈரமும் மண்ணும் சேர்ந்தால் அழுத்துவது தெரியும், நிற்பது தெரியாது.

தொண்ணூறுகளில் எம்.டி.பி. எனப்படும் மலைச் சைக்கிள்கள் எங்கள் பக்கம் வந்தபோது மண்ணோடு புழங்குகிறவர்கள் முதலில் கவனித்தது அந்த இடைவெளியைத்தான். 26 அங்குலச் சக்கரம், இரண்டு அங்குலத்தை ஒட்டிய தடித்த டயர், அதில் கட்டை கட்டையாகப் பொத்தான், ஃபோர்க்கின் தலைக்கும் டயருக்கும் நடுவில் விரல்கள் நுழையும் அளவுக்கு இடம். நேரான ஹேண்டில்பார், கம்பி இழுக்கும் பிரேக். முன்னும் பின்னும் 36 கம்பி. ஹீரோவின் ரேஞ்சர் அவ்வளவு பிரபலம் ஆனதால் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ‘ரேஞ்சர் சைக்கிள்’ என்றே பையன்கள் சொன்னார்கள். ஊர்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை கியரும் இல்லாமல், ஸ்பிரிங்கும் இல்லாமல்தான் வந்தன. பெரியவர்களுக்கு அதில் ஒப்புதல் இல்லை. கேரியர் இல்லாத வண்டி எதற்காகும் என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் பட்டறையில் கொடுத்து ஒரு கேரியரை வைத்துப் பற்றவைத்தும் வாங்கினார்கள். பனவடலிசத்திரத்து ரேஞ்சரில் புல்லுக்கட்டு ஏறியது அப்படித்தான்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையும் ஏறக்குறைய இதே வகை வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், 1930-40-களில் செய்யப்பட்ட ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற தடித்த டயர் வண்டிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தார்கள். கியர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் மட்டும். 1976 அக்டோபரில் மலையின் மண்பாதை ஒன்றில் இறக்கப் பந்தயம் வைத்தார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூட்டில் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் திணிக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பேர் வந்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் மலைக்கென்றே சட்டம் செய்தார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி வழியாகக் கியர் வைத்த வண்டிகள் விற்பனைக்கு வந்தன. 1989-இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிரிங் ஃபோர்க் வந்தது. அதற்குப் பிறகு அங்கேயே ஒரு கூட்டம் கியரையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுப் பழைய எளிய வண்டிக்குத் திரும்பியது. அவர்களுக்கு அது விருப்பம். எங்களுக்கு முதலிலிருந்தே அதுதான் வண்டி என்பதால், திரும்புவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

என் வண்டி, தொண்ணூறுகளில் இங்கே வந்த அந்த முதல் தலைமுறை எம்.டி.பி. சட்டம்தான். இன்று அதில் சட்டமும் ஃபோர்க்கும் தவிர ஏறக்குறைய எதுவும் பழையதில்லை. முதலில் போனது காட்டர் பின். கிராங்கை அச்சில் பிடித்து நிறுத்தும் ஆப்பு அது. ஒருபக்கச் சரிவை அரத்தால் ராவி, பொருந்தும்வரை பார்த்துப் பார்த்துச் சுத்தியலால் இறக்க வேண்டும். ராவியது சரியில்லையென்றால் ஏறி நின்று மிதிக்கும்போது கிராங்கு ‘டக் டக்’ என்று ஆடும். கியர் இல்லாத வண்டியில் எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதிக்காமல் முடியாது, அந்த மிதி முழுவதும் பின்னில்தான் விழும். சதுர அச்சும் பின் இல்லாத கிராங்கும் மாற்றிய பிறகு அந்தச் சத்தம் நின்றது. நான் செய்த மாற்றங்களில் காசுக்கு முழுப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

அடுத்து பிரேக். பழைய கேன்டிலீவர் பிரேக் உட்கார்ந்திருந்த அதே கொம்புகளில் வி-பிரேக் உட்கார்ந்துவிடும். ஆனால் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய லீவர் இழுக்கிற கம்பியின் நீளம் இதற்குப் போதாது. இதைச் சொல்லாமல் பிரேக்கை மட்டும் விற்றுவிடுகிற கடைகள் உண்டு. டிஸ்க் பிரேக் மாட்டலாமே என்று பலர் கேட்டார்கள். அதற்கு ஹப்பும் ஃபோர்க்கும் மாற வேண்டும். மெல்லிய அந்தத் தட்டு ஒருமுறை நெளிந்தால் நேராக்க இங்கே ஆள் தேட வேண்டும். வி-பிரேக்கின் ரப்பர் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். கரிசல் மண்ணும் மணலும் அதைச் சீக்கிரம் தின்றுவிடுவது உண்மை. மழைக்காலத்தில் கட்டையையும் ரிம்மின் ஓரத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் இரண்டும் நிற்கும்.

பல்லுக்கு வருகிறேன். இந்த வண்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரத்துக்கு 44-18 என்றால் ஒரு மிதிக்குச் சுமார் ஐந்து மீட்டர். பின்னால் 20 பல் பிரீவீல் போட்டால் அது நாலரை மீட்டராகக் குறையும், 22 போட்டால் நாலேகாலுக்கும் கீழே போகும். அரை மீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனி, ஆடிக் காற்றில் சங்கரன்கோவில் சாலையில் அந்த அரை மீட்டர்தான் உட்கார்ந்து மிதிப்பதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள தூரம். திரும்பி வரும்போது காற்றே தள்ளுவதால் கால் வீணாகச் சுற்றும், வேகம் எடுக்காது. போகிற வழிக்கு ஏற்றபடி பல் வைப்பதா, வருகிற வழிக்கா? போகிற வழிக்குத்தான் என்பது என் முடிவு. சிரமம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி உதவ வேண்டும். 20 பல்லில் நிலைகொண்டு நெடுங்காலம் ஆகிறது.

டயர்தான் இந்த வண்டியின் ஒரே ஸ்பிரிங். எங்கள் கடைகளில் காற்றடிக்கச் சொன்னால் கல் மாதிரி ஆகும்வரை அடித்துத்தான் ஓய்வார்கள். பாரம் ஏற்றிய பெரிய வண்டிக்கு அது தேவை. ஒன்றே முக்கால், இரண்டு அங்குல டயரில் ஒற்றை ஆள் போவதற்கு 35, 40 பி.எஸ்.ஐ. தாராளம். அதற்கு மேல் அடித்தால் சரளை ஒவ்வொன்றும் மணிக்கட்டில் தெரியும். காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஸ்பிரிங் ஃபோர்க் வாங்கும் யோசனையே போய்விடும். மலிவு விலை வண்டிகளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் கனத்தைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் செய்வதில்லை. எழுந்து நின்று மிதித்தால் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்குகிறது. உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால் இறுகியும்போகிறது.

டியூபிலும் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். பழைய சைக்கிள் வால்வை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வால்வு வைத்த டியூப் போட்டுக்கொண்டேன். அதே ரிம் ஓட்டையில் நுழைகிறது. வால்டியூப் அறுந்து காற்று இறங்கும் தொல்லையும் இல்லை. பெரிய காரணம் வேறு: சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன, பைக் பஞ்சர் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் சாலை நெடுக இருக்கின்றன. பைக்குக்கு அடிக்கிற காற்றே என் வண்டிக்கும் ஏறுகிறது.

சாலையோரப் பட்டறையில் அடிக்கடி காண்கிற ஒரு காட்சி உண்டு. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பையன் ஏழு கியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். பின்கியரை நகர்த்தும் கை வளைந்து, செயின் கம்பிக்குள் போய் மாட்டியிருக்கும்.

“அண்ணாச்சி, கியர் விழவே மாட்டேங்கு. செயின் கழண்டுக்கிட்டே இருக்கு.”

“இதுக்குச் சாமான் திருநெவேலில இருந்துதான் வரணும். என்ன செய்யச் சொல்லுத?”

“எல்லாத்தையும் கழத்திப் போட்டிருங்க அண்ணாச்சி. சாதா வண்டியா ஆக்கிருங்க.”

ஏழு அடுக்குப் பிரீவீலும் ஒற்றை அடுக்குப் பிரீவீலும் ஹப்பில் ஏறும் மறை ஒன்றுதான். அதனால் ஒன்றைத் திருகி எடுத்துவிட்டு மற்றதைத் திருகி ஏற்றலாம். ஏழு அடுக்கு இருந்த அகலத்தில் ஓர் அடுக்கு உட்காரும்போது செயின் கோணலாக ஓடும். அச்சில் வாஷரை இடம் மாற்றி, ரிம்மைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துக் கோட்டம் எடுத்தால் நேராகும். செயினை அளந்து வெட்டி, பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கியர் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்து வாங்கிய வண்டி அன்றிலிருந்து தொல்லையில்லாமல் ஓடும். கியரைக் குறை சொல்ல மாட்டேன். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் ஏற்றத்தில் போகிறவர்களுக்குக் கியர் வேண்டும். பழுது பார்க்கும் பட்டறையும் உதிரிச் சாமானும் பக்கத்தில் இல்லாத கியர் எதற்கும் உதவாது என்பதே என் வாதம்.

வண்டி மாறியதற்குப் பாரம் மாறியதும் ஒரு காரணம். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. பால்கேனும் காய்கறிக் கூடையும் ஐஸ் பெட்டியும் மெல்ல மெல்ல அதற்கும் அதன் பின்வந்த எக்ஸெல்லுக்கும் இடம் மாறின. சைக்கிளின் தோளிலிருந்து பாரம் இறங்கியது. இரட்டைப் பாரும் நாற்பது கம்பியும் தேவையில்லாமல் போனது அதற்குப் பிறகுதான். சைக்கிளில் மீதமிருப்பது ஆள் மட்டும்: பள்ளிக்கூடப் பிள்ளை, காட்டு வேலைக்குப் போகிற முதியவர், உடம்புக்காக மிதிக்கிறவர்.

இவர்களில் பள்ளிப் பிள்ளைகள்தான் இன்று கண்ணில் அதிகம் படுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லாருக்கும் என்று விரித்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. லேடீஸ் சைக்கிள் போதாததால் பார் வைத்த ஆண்கள் வண்டியிலேயே அவர்கள் பழகினார்கள். குழந்தையை முன்பாரில் உட்காரவைத்துப் போக அதுவே வசதி என்று கண்டவர்களும் உண்டு. அரசு தருகிற வண்டிக்கும் கியர் கிடையாது, ஸ்பிரிங் ஃபோர்க் கிடையாது. எங்கள் சாலையில் காலையில் மணி எட்டரைக்கு அந்த வண்டிகளின் வரிசையைப் பார்க்கிறபோது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸை நம்பிப் படிப்பை விட்ட பெண்கள் இருந்த வட்டாரம் இது.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டி வந்துவிட்டது, பட்டறை போய்க்கொண்டிருக்கிறது. வாடகைச் சைக்கிள் கடை எப்போதோ முடிந்த கதை. ஓவராயிலிங் செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. கோனைக் கழற்றி, பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, ஆடாமலும் இறுகாமலும் முறுக்குகிற கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ள அடுத்த ஆள் வரவில்லை. வந்தவர்கள் பைக் மெக்கானிக் ஆகிவிட்டார்கள், அதில்தான் வருமானம். 2020 ஜூன் 3 அன்று, ஐ.நா. அறிவித்த உலகச் சைக்கிள் தினத்திலேயே, அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையான சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. வெளிநாட்டில் 26 அங்குலம் போய் 27.5, 29 என்று சக்கரம் பெரிதாகி, அந்த அளவுகள் நம் நகரங்களின் கடைகளுக்கும் வந்துவிட்டன. சங்கரன்கோவிலில் இன்னும் 26 அங்குல டயர் கேட்டவுடன் கிடைக்கிறது. அது கிடைக்கிறவரை என் சட்டத்தை மாற்றப் போவதில்லை.

சாலையும் அகலமாகிவிட்டது. வேகமும் கூடிவிட்டது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓரத்தில்தான் பிள்ளைகள் போகிறார்கள். டைனமோ போய் யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு வந்திருப்பது நல்ல மாற்றம், நின்றாலும் எரிகிறது. பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றை எல்லாப் பிள்ளைகளின் வண்டிக்கும் மாட்டிவிட வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இலவசச் சைக்கிள் வாங்கும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு பம்பும், ஸ்பேனர் செட் ஒன்றும், சொல்யூஷனும் ஒட்டுத் துண்டும், கொஞ்சம் பிரேக் கட்டையும் வாங்கி வைக்கலாம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கைத்தொழில் தெரிந்த பழைய பட்டறைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைக்கலாம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை ஒன்று போதும், பஞ்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் பிரேக் கட்டையை மாற்றவும் கற்றுக்கொள்ள.